தானாகச் சூடேறும் வாளி

மே 10, சனி

டொக்டர் லின்ட்னர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். எந்த மொழியில் எழுதினாலும் சரியாம். தான் வாசிக்கப் போவதில்லை, எழுதினால் மூளைக்கு ஒரு பயிற்சி என்றார். நான்கு சின்னப் போத்தல்களும் தந்தார். ரோசா, எலுமிச்சை, யூக்கலிப்டஸ், கராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது வினாடி மூக்கருகில் பிடித்து, தெரிந்ததைக் குறிக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் பெயர் தவமலர். வயது ஐம்பத்திரண்டு. ஆக்ஸ்பூர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பதினாறு வருடம் சமைத்தேன். இப்போது அதே சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். போன வருடம் மார்ச் மாதம் கார் விபத்து. தலையின் பின்பக்கம் அடிபட்டது. காயம் மூன்று கிழமையில் ஆறியது. மணம் மட்டும் திரும்பி வரவில்லை. பதினான்கு மாதம் ஆகிறது.

காரை ஓட்டியவர் என் கணவர் குகநேசன். அந்தப் பயணத்தைப் பற்றி இதில் எழுதத் தேவையில்லை. டொக்டர் கேட்டது மணத்தைப் பற்றித்தான்.

ரோசா இல்லை. எலுமிச்சை இல்லை. யூக்கலிப்டஸ் இல்லை. கராம்பு இல்லை.

மே 11, ஞாயிறு

நான்கும் இல்லை. யூக்கலிப்டஸ் மூக்குக்குள் குளிர்ந்தது. அது மணம் அல்ல, தோலின் உணர்வுதான் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஏமாறக்கூடாது.

மே 14, புதன்

இல்லை, இல்லை, இல்லை, இல்லை.

மகள் துளசிகா ஹனோவரிலிருந்து தொலைபேசி எடுத்தாள். வேலை, வாடகை, மழை எல்லாம் கதைத்தாள். அப்பா வீட்டில் நிற்கிறாரா என்று கேட்கவில்லை. விபத்துக்குப் பிறகு அவள் அதைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே நின்று, "ரோட்டைப் பாத்துக் கார் ஓடத் தெரியாதோ அவருக்கு" என்றாள் ஒருநாள். நேசன் அப்போது கதவருகில் நின்றார். பொலிஸ்காரரிடமும், காப்புறுதிக்காரரிடமும், என் அக்கா குடும்பத்திடமும் அவர் சொன்னது ஒரே வசனம்தான். "என்ரை கவனக்குறைவு." மகளிடமும் அதையே சொன்னார்.

தொலைபேசியின் சத்தம் கூடுதலாக வைத்திருந்தேன் போல. நேசன் குசினியில் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

மே 17, சனி

இன்று வீடு முழுக்க நீராவி. நேசன் கோதுமை பியர் காய்ச்சினார்.

கொஞ்சக் காலமாகவே அவருக்கு இந்தப் பைத்தியம். ஓய்வு நாட்களில் கட்டிடத்தின் நிலவறைக்குப் போய்விடுவார். இங்கே எல்லோரும் அதைக் கெல்லர் என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே பலகை அடித்த ஓர் அறை உண்டு. எங்கள் அறையில் உருளைக்கிழங்குப் பெட்டியும் பழைய சூட்கேசுகளும்தான் இருந்தன. இப்போது குழாய்களும் வாளிகளும். அவருக்கும் எனக்கும் ஒரே வீட்டுக்குள் இருக்க இடம் போதவில்லை, அதனால் கீழே போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முளைவிட்ட கோதுமையையும் பார்லியையும் உடைத்துச் சுடுநீரில் ஊற வைத்தார். வடித்தார். சாற்றைப் பெரிய பானையில் ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்து, கசப்புக்கு ஹொப் பூக்கள் போட்டார். மாடிப்படியில் கீழ் வீட்டு ரெனாட்டே நின்று, பாண் சுடுவது போல அருமையாக மணக்கிறதே என்றாள். நான் தலையாட்டினேன். கண்ணாடிச் சன்னலில் தண்ணீர் வழிவதைத்தான் நான் கண்டேன்.

சாறு ஆறியதும் இருபது லீற்றரை வாளியில் ஊற்றி, ஒரு சின்னப் பொதி ஈஸ்ட் கொட்டி, மூடினார். மூடியில் வளைந்த குழாய் ஒன்று செருகியிருக்கிறது. அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. இருவரும் பிடித்து நிலவறைக்கு இறக்கினோம். எதற்காகவோ சேர்ந்து ஒரு பாரம் தூக்கி எவ்வளவு காலம்.

மணம்: இல்லை.

மே 18, ஞாயிறு

நேசன் வேலை செய்யும் தொழிற்சாலை ப்ரேமனில் புது இயந்திரம் பூட்டுகிறது. போகவேண்டியவருக்குக் காய்ச்சலாம், நேசனை ஒரு கிழமைக்கு அனுப்புகிறார்கள். பெட்டி அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சாரும் மலர், ஒரு உதவி செய்வீரோ?"

"என்ன?"

"கெல்லருக்குப் போய் காலமையும் பின்னேரமும் வெப்பமானியைப் பாத்துச் சொல்லும்."

"எனக்கு உதுகள் விளங்காது."

"இலக்கம் வாசிப்பீர் தானே. பதினேழு பதினெட்டில நிக்கவேணும். குறைஞ்சா போர்வையால மூடும். இருபதைத் தாண்டினா ஈரத்துணி சுத்தும். ஆனா கெதியாக் குளிர்த்தாதேயும். அதுகள் பயந்து படுத்திடும்."

"எதுகள்?"

"ஈஸ்ட்."

கோழிக்குஞ்சுகளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

ரயிலுக்குப் போன பிறகு இறங்கிப் பார்த்தேன். வாளிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார், தன் சதுரமான எழுத்தில்: *17–18 கராம்பு மணம். 22–23 வாழைப்பழ மணம். 25 பழுது.* கராம்பின் கீழே இரண்டு கோடு.

முப்பது வருடமாகச் சமைக்கிறேன். ஒரே சாறு, ஒரே வாளி. ஐந்து பாகையில் கராம்பு வாழைப்பழமாகுமா? என் சமையலில் ஐந்து பாகை என்பது கணக்கிலேயே வராது. நம்பவில்லை.

அறை 16. வாளி 18.

மே 19, திங்கள்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் இறங்கினேன். அறை 16 பாகைதான். வாளியில் ஒட்டிய வெப்பமானி 19.5 காட்டியது. பிழையாக இருக்கும் என்று கையை வைத்தேன். குளிர்ந்த சுவரைத் தொட்ட கைக்கு வாளி சூடாகத் தெரிந்தது. கொதிசூடு இல்லை, பிள்ளையின் வயிற்றில் கை வைத்தது போல ஒரு சூடு. சுற்றிப் பார்த்தேன். அடுப்பில்லை, மின்கம்பி இல்லை, வெயிலும் இல்லை. குளிர்ந்த அறையில் அது தன்பாட்டில் சூடாகிக்கொண்டிருந்தது.

வாளியின் பிளாஸ்டிக் பால்நிறம். கைபேசி வெளிச்சத்தை ஒருபக்கம் பிடித்து மறுபக்கம் குனிந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் புரண்டது. அடியிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகள் எழுந்து, மேலே போய், உருண்டு கீழே விழுந்து, மறுபடி எழுந்தன. பருப்பு வேகும்போது அப்படித்தான் இருக்கும், ஆனால் பருப்புக்குக் கீழே நெருப்பு வேண்டும். மேலே ஒரு சாண் உயரத்துக்கு நுரை நின்றது. குழாயில் குமிழி. டொக், டொக், டொக். அந்த இடத்தில் சத்தம் இருந்ததே தவிர ஆள் இல்லை.

நேசன் வைத்திருந்த சின்னப் புத்தகத்தில் பார்த்தேன். ஒரு சொட்டுக்குள் இருபது முப்பது லட்சம் உயிர்கள் இருக்குமாம். எல்லாம் தின்று, பெருகி, மூச்சுவிடும் சூடுதானாம் அது. முந்தாநாள் நான் தூக்கி இறக்கியது ஒரு வாளித் தண்ணீர் என்றல்லவா நினைத்தேன்.

உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வேலைக்குப் பிந்திப் போனேன்.

மதியம் நேசன் எடுத்தார்.

"மூச்சு விடுதோ?"

"விடுது."

"நிமிசத்துக்கு எத்தினை?"

"எழுபது. நான் எண்ணினனான்."

"எழுபதோ." சிரித்தது கேட்டது. "நல்லாச் சாப்பிடுதுகள்."

பிறகு அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நுரை எந்த நிறம், மேலே கபில நிறமாக ஏதும் படிந்திருக்கிறதா, சுவர்ப்பக்கம் சூடா என்றெல்லாம் கேட்டார். இருபது நிமிடம். இந்த வீட்டில் நாங்கள் கடைசியாக இருபது நிமிடம் கதைத்தது எப்போது?

நான்கு போத்தலும்: இல்லை.

மே 20, செவ்வாய்

வெளியே 31. மே மாதத்தில் இப்படி வெயில் நான் கண்டதில்லை. நிலவறைச் சன்னலால் வெயில் நேரே வாளியில் விழுந்திருக்கிறது. மதியம் 22.4.

நேசனுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை, இயந்திரத்துக்குள் தலையை விட்டிருப்பார். சன்னலைக் காட்போர்டால் மறைத்தேன். மேலே ஓடி, அலுமாரியில் பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து, நனைத்து, வாளியைச் சுற்றிக் கட்டினேன். கொசுவம் வைக்காததுதான் குறை. வாளியை அகலமான பேசினுக்குள் நிறுத்தித் தண்ணீர் விட்டேன். சேலை கீழே இருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டது. உலர உலரக் குளிரும். ஒரு மணித்தியாலத்தில் 21.6.

பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டது. திரும்ப ஏறிவிடும் என்ற பயத்தில், ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்திருந்த நாலு போத்தலையும் பேசினில் போட்டுவிட்டுப் போனேன். களைத்துத் திரும்பி நேரே படுத்துவிட்டேன்.

மே 21, புதன்

காலை 14.6. குமிழி இல்லை. பத்து நிமிடம் நின்றேன். ஒன்றுகூட இல்லை. நுரை விழுந்து வாளியின் உட்சுவரில் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. வெளிச்சம் பிடித்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

நேசன் எடுத்தார். "எத்தினை?"

"பதினெட்டு."

"அருமை. அப்பிடியே விடும்."

"சரி."

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

அவர் நம்பினார். எதைச் சொன்னாலும் நம்புவார், அல்லது நம்பியது போல இருப்பார். அவரோடு வாழ்வதில் இதுதான் கஷ்டம்.

மே 22, வியாழன்

காலை ஆறு மணிக்கே இறங்கினேன். நேற்றே ஐஸையும் சேலையையும் எடுத்துப் போர்த்தியிருந்தேன்; 15.8 வந்திருந்தது. குமிழி இல்லை. வேலைக்குச் சுகமில்லை என்று சொன்னேன். இரண்டு சுடுநீர்ப் பைகளை நிரப்பி வாளியின் இரண்டு பக்கமும் வைத்து, குளிர்காலப் போர்வையால் சுற்றினேன். புத்தகத்தில், அடியில் படிந்த ஈஸ்டை எழுப்ப வாளியை மெல்ல ஆட்டலாம் என்றிருந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து ஆட்டினேன். துளசிகா கைக்குழந்தையாக இருந்தபோது ஆட்டிய ஆட்டம்தான். கைகளுக்கு அது மறக்கவில்லை.

பத்து மணிக்கு 16.5. பன்னிரண்டு மணிக்கு 17.4. போர்வையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தபடியே இருந்தேன். கோடிக்கணக்கானவற்றைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தபோது கண் கலங்கியது. இதற்கெல்லாம் அழுவதா என்று என்னையே கேட்டேன்.

ஒரு மணி போல, டொக்.

மூடியில் காதை வைத்தேன். வெகுநேரம் கழித்து இன்னொரு டொக். வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு நூல் போல எழும்பிக்கொண்டிருந்தது. செத்துக் கிடந்தவை அல்ல. குளிருக்குச் சுருண்டு படுத்து, காத்திருந்திருக்கின்றன. எவ்வளவு பெரிய பொறுமை. சூடு வந்ததும் ஒரு கோபமும் இல்லாமல் வேலையைத் தொடங்கிவிட்டன.

மேலே போய்ச் சாப்பிட்டேன். நாலு மணிக்கு ரெனாட்டே கதவைத் தட்டினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கீழே கழிவுக்குழாய் உடைந்துவிட்டது போல. நிற்க முடியவில்லை. உனக்குத் தெரியாது, பாவம். உன் சாமான்கள் நனைந்துவிடும், வந்து பார்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தரை காய்ந்துதான் கிடந்தது. எங்கள் அறைக் கதவைத் திறந்தேன். குமிழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. குழாயில் தண்ணீர் துள்ளியது. வாளிக்கு மேல் குனிந்தேன்.

கண்ணுக்குப் பின்னால் ஏதோ தொட்டது.

அதை வேறெப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தலைவலி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது உள்ளே இறங்கி, தொண்டையைச் சுற்றி, ஒரு பெயரைத் தேடியது. பெயர் எனக்குத் தெரியும். நாக்கின் நுனியில் நின்றது. அழுகின முட்டை.

பின்வாங்கி, மறுபடி குனிந்தேன். அழுகின முட்டை. கதவுக்கு வெளியே போனேன், இல்லை. உள்ளே வந்தேன், இருந்தது. ஐந்தாறு தடவை போய் வந்தேன். உள்ளே இருந்தது, வெளியே இல்லை. அப்படியென்றால் அது என் தலைக்குள் இல்லை, உலகத்தில் இருக்கிறது. அங்கே இருந்த ஒன்று என் மூக்கால் எனக்குள் வந்திருக்கிறது.

பெட்டியில் உட்கார்ந்து, வாளியில் முகத்தை வைத்துக்கொண்டு அந்த நாற்றத்தை இழுத்து இழுத்துக் குடித்தேன். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ரெனாட்டே படியில் நின்று என் பெயரைக் கூப்பிட்டாள். "மயக்கமா? வெளியே வா."

"இல்லை. கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன்."

"இந்த நாற்றத்திலா?"

"ஓம்," என்றேன் தமிழில். அவளுக்கு விளங்கியது.

ஆறு மணிக்கு நேசன் எடுத்தார். "எத்தினை?"

"பதினெட்டு. இண்டைக்கு உண்மையாப் பதினெட்டு. நேற்றுப் பொய் சொன்னனான். பதினாலுக்குப் போயிட்டுது. நான்தான் ஐஸைக் கூடப் போட்டனான்."

"பரவாயில்லை. எழும்பிட்டுதுகள் தானே."

"எழும்பிட்டுதுகள். ஆனா நாறுது."

"அது சில நேரம்…" என்று தொடங்கியவர் நிறுத்தினார். "என்ன சொன்னீர்?"

"நாறுது எண்டு சொன்னன். அழுகின முட்டை மாதிரி."

இயந்திர இரைச்சல்தான் கேட்டது. பிறகு யாரோ ஒருவர் ஜேர்மன் மொழியில், "குகா, சுகமில்லையா? இப்படி உட்கார்" என்று சொல்வது கேட்டது.

மே 23, வெள்ளி

காலையில் ஒன்றும் இல்லை. நான்கு போத்தலும் இல்லை. நேற்று கனவோ என்று பயந்தேன். பிறகு கோப்பி போட்டேன். எரிந்த ரப்பர் மணத்தது. சன்னலைத் திறந்து பார்த்தேன், வெளியே ஒன்றும் எரியவில்லை. கோப்பிதான்.

டொக்டர் லின்ட்னர் தொலைபேசியில் நிறைய நேரம் ஒதுக்கினார். மூக்கின் கூரையில் சல்லடை போல ஓர் எலும்பு இருக்கிறதாம். அதன் துளைகளால் மயிரைவிட மெல்லிய நரம்பிழைகள் மூளைக்குப் போகின்றன. தலை அதிர்ந்தபோது அவை அறுந்தன. உடம்பில் திரும்பவும் முளைக்கிற நரம்புகள் மிகக் கொஞ்சம், இது அவற்றில் ஒன்று. புதிய இழைகள் இருட்டில் தடவித் தடவித் தங்கள் துளையைத் தேடுகின்றன. சில இடம் மாறிப் போய் இணையும், அதனால்தான் கோப்பி ரப்பராகிறது. சரியாவதற்கு ஒரு வருடம் ஆகலாம், முழுதாகச் சரியாகாமலும் போகலாம்.

"அழுகிய முட்டையை முதலில் கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள்," என்றார்.

பதினான்கு மாதம் நான் செத்துப்போனது என்று நினைத்த இடத்தில் இந்த வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமல், என் உதவி இல்லாமல்.

வாளி 18.2. மாலை 18.6.

மே 24, சனி

அந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா மகளின் கலியாணம், ஸ்ருட்கார்ட்டில். சமையலில் பாதி நான் பொறுப்பெடுத்தேன். காலை நாலு மணியிலிருந்து சமைத்து, சட்டிகளைக் காரில் அடுக்கினோம். உருளைக்கிழங்குப் பால்கறியை மட்டும் என் காலடியில் வைத்திருந்தேன். காரின் ஹீற்றர் காலடியில்தான் அடிக்கும் என்பதை அரைவழியில்தான் யோசித்தேன். தேங்காய்ப்பால் புளித்தால் முந்நூறு பேர் முன்னால் மானம் போய்விடும். திறந்து மணந்தேன். விடியற்காலையிலிருந்து மணந்து மணந்து மூக்கு மரத்துப்போயிருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு கரண்டி அள்ளி நேசனின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "மணந்து பாருங்கோ, பழுதாப் போச்சோ?"

"ஓடேக்கையோ," என்றார். "பிறகு பாப்பம்."

"ஒருக்கா மணந்து சொல்லுங்கோ எண்டால்." என் குரல் உயர்ந்தது. கரண்டியை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன்.

முகத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். அடுத்து எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரியின் கூரை.

அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்வார், சொல்வார் என்று முதல் மாதம் பயந்திருந்தேன். சொல்லாததால் பிறகு அவரைப் பார்க்கவே முடியவில்லை. அவர் மௌனமாக இருந்ததெல்லாம் என்னைக் குற்றம் சாட்டுவதாகவே பட்டது. மகள் அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவிய கோப்பையை அவர் கழுவியதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 25, ஞாயிறு

நேசன் வந்துவிட்டார். சூட்கேசோடு நேரே நிலவறைக்குத்தான் போனார். வாளியின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மற்றக் கையை நான் பிடித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மகளும் இருக்கும்போது சொன்னால்தான் அது சொன்னதாகும்.

ஜூன் 1, ஞாயிறு

போத்தலில் அடைத்தோம். முப்பத்தெட்டு. உள்ளே வாயு பிடிக்க ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சீனி. மூன்று கிழமை விட வேண்டுமாம். துளசிகாவை 21ஆம் தேதி வரச் சொன்னேன். "என்ன விசேசம்?" என்றாள். "பியர் குடிக்க" என்றேன். நான் பியரே தொடாதவள் என்பதால் பயந்துபோய் வருகிறேன் என்றாள்.

ஜூன் 9, திங்கள்

எலுமிச்சை: ஏதோ இருக்கிறது. எலுமிச்சை இல்லை, ஆனால் ஏதோ.

ஜூன் 21, சனி

துளசிகா மதியம் வந்தாள். தகப்பனுக்கு "ஹலோ" சொன்னாள். அவர் "சாப்பிட்டனியோ பிள்ளை" என்றார். அதோடு முடிந்தது.

பல்கனியில் மேசை போட்டு மூன்று உயரக் கிளாஸ் வைத்தேன். நேசன் போத்தலைச் சாய்த்து மெல்ல ஊற்றினார். கலங்கிய பொன்நிறம், மேலே நாலு விரல் நுரை. அடியில் தங்கியதையும் சுழற்றி ஊற்றினார். இத்தனையும் செய்தவை அதற்குள் இருந்தன.

துளசிகா மணந்து, "வாழைப்பழம்," என்றாள். தன்னை மறந்து தகப்பனைப் பார்த்தாள். "இதுக்குள்ள வாழைப்பழம் போட்டனீங்களோ?"

"ஒரு பழமும் போடேல்லை. அம்மா ஒருநாள் இருபத்திரண்டுக்கு விட்டவ. அதின்ரை வேலை." அவரும் மணந்தார். "பின்னால கராம்பும் நிக்குது. பிறகு குளிர்த்தினவ எல்லே."

நான் மணந்தேன். வாழைப்பழமும் இல்லை, கராம்பும் இல்லை. மழை விழுந்த கூரைத்தகடு போல, அரிந்த புல் போல, இதுவரை நான் அறியாத ஒன்று. இரண்டு பேருக்கும் தெரியாத மணம் எனக்கு மட்டும் கிடைத்தது. ஒரு வாய் குடித்தேன். பிறகு கிளாஸை வைத்தேன்.

"துளசி, ஒண்டு சொல்லவேணும். அப்பா கவனமில்லாமல் ஓடேல்லை."

நேசன் நிமிர்ந்தார். "மலர், இப்ப உது ஏன்."

"நான் சொல்லுறன், விடுங்கோ." சொன்னேன். ஹீற்றர், பால்கறி, கரண்டி, என் குரல் உயர்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். "வேண்டாம் எண்டவர். நான்தான் விடேல்லை. பிறகு வாயும் திறக்கேல்லை. நீ அவரோட கதைக்காமல் இருந்ததையும் பாத்துக்கொண்டிருந்தனான்."

துளசிகா என்னை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு உரியதுதான். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஏன் அப்பா சொல்லேல்லை?"

அவர் கிளாஸைச் சுற்றி விரலால் ஈரத்தைத் துடைத்தார். "முகத்தைத் திருப்பினது நான்தானே பிள்ளை. அம்மாவுக்கு மணம் போயிட்டுது. அதுக்கு மேலை உதையும் ஏன் அவவின்ரை தலையில வைக்கவேணும்?"

"ஒரு வருசத்துக்கு மேலை நான் உங்களோட…"

"நீ அம்மாவோட கதைச்சனி தானே. எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது."

அவள் எழுந்து போய், அவர் கதிரைக்குப் பின்னால் நின்று, அவரது தலையில் தன் நெற்றியை வைத்தாள். அவர் அசையாமல் இருந்தார்.

முப்பது வருடம் இந்த மனிதரோடு இருக்கிறேன். இவருக்குள் இப்படி ஓர் ஆழம் கிடந்ததை அருகில் இருந்தும் அறியவில்லை. அதைக் கோபம் என்று எண்ணிக்கொண்டு மேலே சன்னலோரம் இருந்திருக்கிறேன்.

கொஞ்சம் கழித்து அவர் என்னைப் பார்த்தார்.

"மலர், நீர் அண்டைக்குக் கேட்டதுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

"என்னத்துக்கு?"

"அந்தக் கறி," என்றார். "முகத்தைத் திருப்பேக்கை நான் மணந்தனான். பழுதாகேல்லை. நல்ல மணம்."